ஆகாயம் மெயினை அணைத்த நாள்

எங்கள் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். மூன்றிலும் தேடிப் பாருங்கள். ஆகாயத்தைப் போல ஆளைக் கோபப்படுத்தும் மனிதர் ஒருவர் கிடைக்கமாட்டார். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. சட்டென்று கோபம் வருகிறவளும் இல்லை. என்னையே பல்லைக் கடிக்க வைத்தவர் அவர்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி. அங்கே நான் தையல் செக்‌ஷன். ஷூவின் மேல்பாகத்துக்கு அப்பர் என்று பெயர். அதைத் தைப்பது என் வேலை. எங்கள் மெஷின்களுக்கு மெக்கானிக் அவர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மெஷினை மல்லாத்திப் போட்டுவிட்டு ராக்கெட், நட்சத்திரம், கிரகம் என்று ஆகாயத்தைப் பற்றியே பேசுவார். அதனால் ஆகாயம்.

மற்றவர்கள் பக்கத்து வீட்டுச் சண்டைக்குக் கொதிப்பார்கள். இவர் தான் பிறப்பதற்கு முன்னால் ரஷ்யாவில் நடந்ததற்குக் கொதிப்பார்.

ஒரு நாள் என் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. கூப்பிட்டேன். வந்தார். மேல் மூடியைக் கழற்றினார். அத்தோடு கை நின்றுவிட்டது.

"நெலாவுல நடந்தானுங்களே, அவனுங்க போட்டிருந்த டிரஸ் யாரு தெச்சதுன்னு தெரியுமாமா?"

"நூல் அறுவுதுண்ணா."

"பொம்பளைங்க. உன்ன மாதிரி மெஷின்ல ஒக்காந்து தெச்சாங்க. ஒரு தையல் வுட்டுப்போனா மேல ஆளு காலி. அவங்க பேரு எவனுக்காச்சும் தெரியுமா? கால் வெச்சவன் பேரு மட்டும் ஒலகத்துக்கே தெரியும். இது இன்னா நியாயம்?"

பக்கத்து மெஷின் நூர்ஜஹான் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "அது எந்தக் கம்பெனிணா? ஆள் எடுக்கறாங்களா?"

ஆகாயம் ஸ்க்ரூவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "அது... பொம்பளைங்க உள்ளாற போடறதெல்லாம் தெக்கற கம்பெனிமா."

செக்‌ஷனே சிரித்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. "சிரிங்க, நல்லா சிரிங்க. அவங்க தையல் நின்னதாலதான் அவன் மூச்சு வுட்டான்" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். மூடியை மாட்டாமலே. அன்று என் டார்கெட் போனது. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினது நான். நிலாவில் நடந்தவன் இல்லை.

நாய் விஷயம் அதற்கு மேல். முதன்முதலில் பூமியைச் சுற்றிய உயிர் ஒரு நாய். தெருவில் பிடித்த பெண் நாய். ரஷ்யாக்காரர்கள் அனுப்பினார்கள். திரும்பக் கொண்டுவர வழியே செய்யவில்லை. ஆகாயத்துக்கு இது நேற்று நடந்தது போல. அது போன நாள் வந்தால் கேன்டீனில் சாப்பிடமாட்டார். பிரியாணி போட்டாலும் தொடமாட்டார். கம்பெனி வாசல் நாய்களுக்கு டீக்கடையில் பொறை வாங்கிப் போடுவார்.

ஒரு வருஷம் பொறை தீர்ந்துவிட்டது. நாய்கள் தீரவில்லை. அவர் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டன. செக்யூரிட்டி தாத்தா தடியோடு ஓடிவருவதற்குள் ஒன்று பேக்கிங் பக்கம் நுழைந்து ஒரு ஷூவைக் கவ்விக்கொண்டது. ஏற்றுமதி ஷூ. வலது கால். மேனேஜர் நாயைத் துரத்தினார். ஆகாயம் மேனேஜரைத் துரத்தினார்.

"வுடுங்க சார்! அதுங்க இனத்துக்கு நாம பண்ணதுக்கு ஒரு ஷூ ஜாஸ்தியா?"

நாய் பாலாற்றுப் பக்கம் போய்விட்டது. இடது கால் ஷூ ரொம்ப நாள் பேக்கிங் அலமாரியில் தனியாக நின்றது.

இதையாவது பொறுக்கலாம். புளூட்டோவைப் பொறுக்க முடியாது.

புளூட்டோ ஒரு கிரகமாம். பல வருஷம் கிரகமாகவே இருந்ததாம். பிறகு படித்தவர்கள் ஒரு கூட்டம் போட்டு, நீ கிரகம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். "ஒரு மெமோ குடுத்தானுங்களா? வெளக்கம் கேட்டானுங்களா? அது பாட்டுக்கு அத்தன தூரத்துல, வெளிச்சம்கூட இல்லாத எடத்துல சுத்திக்கினு இருந்துது. யாருக்கு இன்னா கெடுதல் பண்ணுச்சு?" என்று டீ நேரத்தில் எல்லோரிடமும் நியாயம் கேட்பார்.

ஒரு வருஷம் யூனியனில் கோரிக்கை எழுதினார்கள். நல்ல கையெழுத்து என்று அதை ஆகாயத்திடம் கொடுத்தது யாரோ. தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பேச்சுவார்த்தைக்குப் பெண்கள் சார்பில் என்னை உட்காரவைத்தார்கள். எதுவும் பேசமாட்டேன் என்பதால் என்னை.

கம்பெனி ஆபீசர் ஒவ்வொன்றாகப் படித்தார். "லேடீஸ் பாத்ரூமுக்குக் கதவு. சரி. ஃபேன். பாக்கலாம். புளூட்டோவை மீண்டும் சேர்க்க வேண்டும்..." நிறுத்தினார். "இது யாரு? எந்த செக்‌ஷன்?"

தலைவர் விழித்தார். ஆனால் தலைவர் அல்லவா, விட்டுக்கொடுக்கவில்லை. "ரொம்ப வருசமா இருந்தவரு சார். திடீர்னு தூக்கிட்டாங்க."

"கான்ட்ராக்ட் ஆளா?"

"இருக்கும் சார்."

ஆபீசர் ஆள் பட்டியலைப் புரட்டிப் புரட்டித் தேடினார். "அப்படி ஒரு ஆளே இல்லையே."

கதவுக்கு வெளியே நின்ற ஆகாயம் பொறுக்க முடியாமல் உள்ளே பாய்ந்தார். "இதத்தான் சார் அவனுங்களும் சொல்றானுங்க!"

பேச்சுவார்த்தை முறிந்தது. பாத்ரூமுக்குக் கதவு வர மேலும் ஒரு வருஷம் ஆனது. புளூட்டோவுக்குப் பதவி போனால் அது பாட்டுக்குச் சுற்றும். கதவில்லாத இடத்துக்கு ஒருத்தியைக் காவல் வைத்துவிட்டுப் போய் வந்தது நாங்கள். இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். நான் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"ரெண்டும் கேக்க வேண்டியதுதானம்மா" என்றார். வெட்கமே இல்லை.

இப்போது என் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. ஐந்தாம் மாதம் போய்விட்டது. டாக்டர் ஒரு காரணம் சொன்னார். என் மாமியார் ஒரு காரணம் சொன்னார். மாமியார் சொன்னதுதான் நின்றது.

கிரகணம் பிடித்திருக்கும்போது பிள்ளைத்தாய்ச்சி கத்தி, ஊசி, கத்தரிக்கோல் தொடக்கூடாது. தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்திருக்கும், அல்லது பிள்ளையே தங்காது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். நான் தொட்டேன். கம்பெனி பஸ் எங்கள் ஊர் மாதனூருக்குக் காலையில் சீக்கிரமே வந்துவிடும். அதனால் முதல் நாள் ராத்திரியே காய் அரிந்து வைப்பேன். அன்றும் அப்படித்தான். மாமியார் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கிரகணம் காட்டினார்கள். "அடிப்பாவி, கத்தியக் கீழ போடு" என்று கத்தினார். பாதிக் கத்திரிக்காய் அரிந்தாகிவிட்டது.

அடுத்த மாதம் பிள்ளை போனது. பரிகாரம் செய்தோம். பரிகாரம் சொன்னவரும் கத்திரிக்காயைத்தான் சொன்னார். அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து, எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னால் அந்தக் கத்திரிக்காய் போய் உட்கார்ந்திருக்கும். "இவதான் அவ" என்பார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி உண்டானேன். எட்டாம் மாதம் நடக்கும்போது, மார்கழியில், சூரிய கிரகணம் வந்தது. காலையில், வேலை நேரத்தில்.

லீவு கேட்டேன். சூப்பர்வைசர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அன்னிக்குக் கன்டெய்னர் கெளம்பணும். கிரகணத்துக்கெல்லாம் லீவு வேணும்னா அப்டியே நின்னுக்கோ."

நின்றுகொள்ள முடியாது. என் கணவர் தோல் பதனிட்ட டேனரியை மூடியிருந்தார்கள். வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். வராவிட்டால் வேலை போகும். வந்து ஊசியைத் தொட்டால் பிள்ளை போகும். அப்படித்தான் நான் நினைத்தேன். வேறு எப்படி நினைக்க?

வந்தேன். என்னைப் போல வயிற்றோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நாலு பேரும் மெஷின் முன்னால் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டோம். எங்களைப் பார்த்து மற்றவர்களும் தைக்கத் தயங்கினார்கள். யாருக்குத் துணிச்சல் வரும்? சூப்பர்வைசர் கத்தினார். பிறகு மேனேஜர் வந்தார். மேனேஜருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆகாயத்தைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்.

"யோவ், எப்பப் பாத்தாலும் இதத்தான பேசுவ. கிரகணத்துல ஒண்ணும் இல்லன்னு இவங்களுக்குச் சொல்லு. அஞ்சே நிமிசம்."

எத்தனை வருஷம் வாயை மூடு என்று சொன்ன கம்பெனி! ஆகாயம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற பிளாஸ்டிக் கால் ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கினார்.

"இந்த லைட்டு சூரியன். இது நெலா."

"நெலாவுக்குக் குதிகால் இருக்குதாணா?" என்றார் நூர்ஜஹான் அக்கா.

"கம்முனு கேளுமா. நெலா குறுக்க வருது. அதோட நெழலு நம்ம மேல வுழுது. அவ்ளோதான். பாம்பு இல்ல, வெஷம் இல்ல. மரத்தடி நெழல்ல நின்னா இன்னா ஆவும்? அதேதான் இதுவும். யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

மேனேஜர் கையைத் தட்டினார். "கேட்டீங்களா? உங்க ஆளே சொல்லியாச்சு. மெஷினப் போடுங்க."

"சார், நான் இன்னும் முடிக்கல" என்றார் ஆகாயம். "ஒண்ணும் ஆவாதுன்னா இன்னா அர்த்தம்? எல்லாரும் வெளிய போய்ப் பாக்கலாம்னு அர்த்தம்! சூரியனே மறையுது. அத வுட்டுட்டு உள்ள ஒக்காந்து ஷூ தெச்சா நம்மள எவன் மனுசன்னு சொல்வான்?"

மைக்கை மேனேஜர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். சுவரோரம் போனார். தையல் செக்‌ஷன் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபேன் நின்றது. மெஷின் நின்றது. கன்டெய்னர் நின்றது.

"யோவ்! யோவ்!" என்று மேனேஜர் மைக்கில் கத்தினார். மைக்கும் நின்றிருந்தது.

பெண்கள் வெளியே ஓடினார்கள். ஆகாயம் பின்னாலேயே ஓடினார். "மேல பாக்காதீங்க! கண்ணு போய்டும்! தரையப் பாருங்க!" வெயில் காலத்துக்கென்று ஒரு ஷூ தைத்துக்கொண்டிருந்தோம். காற்றுப் போக அதன் அப்பரில் பொடிப்பொடியாகத் துளை போட்டிருக்கும். அதை ட்ரேயோடு தூக்கிக்கொண்டு போய் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். சிமெண்ட் தரைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

துளைக்கு ஒரு சூரியன், பிறை வடிவில், தரையில் விழுந்தது. பிறகு எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். நூர்ஜஹான் அக்கா குரல் தனியாகக் கேட்டது. "யா அல்லா! பெருநாளைக்கு ஒரே ஒரு பிறையப் பாக்க நாங்க கழுத்து ஒடிய நிக்கறோம். இங்க கொட்டிக் கெடக்குதே!"

நான் போகவில்லை. மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள். நான் இருட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகாயம் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நீ இன்னாமா இங்க? வா."

"வர்லண்ணா."

"ஒண்ணும் ஆவாதுன்னு இப்பதான தொண்டை கிழியச் சொன்னேன்?"

"உங்களுக்கு ஆவாது."

அவருக்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது. நான் யாரிடமும் சொல்லாதவள். அன்று சொல்லிவிட்டேன். கத்திரிக்காயைச் சொன்னேன். பிள்ளையைச் சொன்னேன். நாலு வரிதான். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"எப்பமா இது?"

"ரெண்டு வருசம் ஆச்சு. ஆவணி."

"எத்தினி மணிக்கு?"

"ராத்திரி. சாப்ட்டு முடிச்சப்புறம்."

"அப்ப சந்திர கிரகணம்."

"இல்லண்ணா. சூரிய கிரகணம். டி.வி.ல காட்டுனாங்க. அமெரிக்காவுல புடிச்சுதாம்."

ஆகாயம் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ராத்திரில ஏதும்மா சூரியன்?"

நான் அந்த ராத்திரியை மணி மணியாக எண்ணிப் பார்த்தேன்.

"சூரியனே இல்லாத நேரத்துல சூரிய கிரகணம் உன் வூட்டுக்கு எப்டிமா வந்துச்சு? கேபிள் வழியாவா?"

பிறகு கத்த ஆரம்பித்தார். நாய்க்குக் கத்தினதும் புளூட்டோவுக்குக் கத்தினதும் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. "பூமிக்கு அந்தாண்டப் பக்கம் வுழுந்த நெழலு! அவனுங்க பாய் போட்டுப் படுத்துக்கினு கைதட்டிப் பாத்தானுங்க! அங்க ஒருத்தியும் காய் அரியலியா? அதுக்கு மாதனூர்ல ஒரு பொண்ணுக்குத் தண்டனையா? ரெண்டு வருசமா? எவன் குடுத்தது இந்தத் தீர்ப்பு? எவன் குடுத்தது?" ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் எறிந்தார்.

ராத்திரியில் சூரியன் இல்லை. இது எனக்குத் தோன்றவில்லை. மாமியாருக்குத் தோன்றவில்லை. கணவருக்குத் தோன்றவில்லை. பரிகாரத்துக்குப் பணம் வாங்கினவருக்கும் தோன்றவில்லை. "இவதான் அவ" என்று சொன்ன ஒருத்திக்கும் தோன்றவில்லை. எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

எழுந்தேன். வாசலுக்குப் போனேன். வெயில் பழைய பித்தளை நிறத்தில் இருந்தது. நூர்ஜஹான் அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த அப்பரைத் தூக்கினார். என் கம்பெனி நீலக் கோட்டின் மேல், வயிற்றின் மேல், குட்டிக் குட்டிப் பிறையாக வெளிச்சம் விழுந்தது. நான் நகரவில்லை. உள்ளே பிள்ளை உதைத்தது.

அன்று சாயங்காலம் மாமியாரிடம் சொன்னேன். "அத்த, அன்னிக்கு ராத்திரி. ராத்திரில சூரிய கிரகணம் கெடையாது."

"டி.வி.காரன் தமிழ்லதான சொன்னான்?" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கத்திரிக்காய்ப் பேச்சு எழவில்லை. மன்னிப்பும் எழவில்லை.

என் வேலை தப்பியது. நாங்கள் நாலு பேரும் தைக்க மறுத்தோம் என்று யாராலும் எழுத முடியவில்லை. கரண்ட் இல்லாத மெஷினில் யார் தைப்பது? அதை நினைத்துத்தான் மெயினை அணைத்தாரா என்றால் எனக்குத் தெரியாது. கிரகணம் பார்க்கத்தான் அணைத்திருப்பார்.

அவர் வேலை தப்பவில்லை. உற்பத்தியை நிறுத்தியதற்கு மெமோ வந்தது. பதிலில் அவர் எழுதினார்: 'கிரகணம் என்றைக்கு என்று பல வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். தெரிந்தும் அதே நாளில் கன்டெய்னர் வைத்தது யார்? நிர்வாகம் விளக்கம் தர வேண்டும்.' நிர்வாகம் அவரை வெளியே அனுப்பியது. பேசச் சொன்னது யார்? மைக் கொடுத்தது யார்? நாங்கள் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். யூனியன் தலைவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டிருப்பார்.

இப்போது பேரணாம்பட்டு ரோட்டில் வீட்டுத் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மெஷினைக் கொடுத்தவர்கள் தீபாவளிக்குக் கேட்டால் பொங்கலுக்குக் கிடைக்கும். கேட்கப் போனவர்கள் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு வெறுங்கையோடு வருவார்கள். என் அக்காவின் மெஷின் ஏழு மாதமாக அங்கே கிடக்கிறது. எனக்குத்தான் திட்டு.

எனக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு உறவெல்லாம் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் துணியை விலக்கிக் குழந்தையின் உதட்டைப் பார்த்தார்கள். அப்புறம் விரலை எண்ணினார்கள். மாமியார் இரண்டு முறை எண்ணினார். கடைசியாக ஆகாயம் வந்தார், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. கட்டில் பக்கத்தில் நின்றார். ராக்கெட் பேசுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் துணியை விலக்கவில்லை.

"ராத்திரி தூங்குனியாமா?" என்று என்னைக் கேட்டார்.